கடலை எழுப்பும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்

நம் கூட்டுக் கதையை நடத்தும் மூவருக்கும், அதில் மந்திரவாதிகளாக ஆடும் நண்பர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். இணையத்தில் ஆளுக்கொரு பாத்திரமாக, முறை வைத்துப் பதிவெழுதி நாம் வளர்க்கும் கதையில் துறைமுகத்து வைத்தியராக வருபவன் நான்தான். அவர் வாயால் சொல்ல முடியாததை என் வாயால் சொல்ல வந்திருக்கிறேன்.

போன வாரம் ஒரு நள்ளிரவில், நம்மில் ஒருவருடைய மந்திரவாதி கலங்கரை மேட்டில் ஏறி நின்று கடலை அழைத்தார். ஒரே பதிவு. அலை பனைமர உயரம் எழுந்தது. கண்ணாடி மணி செய்கிறவர்களின் தெரு மூழ்கியது. ஒருவரும் தப்பவில்லை என்று அவரே எழுதி முடித்தும் விட்டார். அந்தத் தெருவில் ஐந்து பேருடைய பாத்திரங்கள் இருந்தன. ஐந்து பேரும் அப்போது தூங்கிக்கொண்டிருந்தோம்.

அந்தத் தெருவை நாம் எப்படிக் கட்டினோம் என்று நினைத்துப் பாருங்கள். புதுச்சேரிக்குப் பக்கத்துப் பழந்துறைமுகமான அரிக்கமேட்டை மனத்தில் வைத்துத்தான் அந்தத் துறைமுகத்தையே தொடங்கினோம். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் 1945இல் தொல்லியலாளர் வீலர் நடத்திய அகழாய்வு, அங்கே கிடைத்த ரோமானிய மட்கலங்கள், கண்ணாடி மணிகள் என்று ஆளுக்கொன்றாகத் தேடிப் படித்தோம். மணிக்காரியாக ஆடிய தங்கை, உருகிய கண்ணாடியை நீளக் குழலாக இழுப்பதையும், அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, கூர் மழுங்க மறுபடி சூடேற்றுவதையும் கற்றுக்கொண்டு எழுதினாள். மூன்று மாத உழைப்பு அது. அவள் பாத்திரத்துக்கு மந்திரம் எதுவும் தெரியாது. ஒரு சூளை மட்டும் இருந்தது. அதை அணைக்க நான்கு வரி போதுமாயிற்று.

மந்திரமே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. புதுச்சேரியைச் சுற்றி எத்தனை சித்தர் சமாதிகள்! அணிமா, லகிமா என்று எட்டுச் சித்திகளையும், கூடுவிட்டுக் கூடு பாய்ந்த கதைகளையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மந்திரம் இல்லாத துறைமுகத்தில் எனக்கும் ஆட விருப்பமில்லை.

ஆனால் மந்திரத்தை ஏவுவது வரைதான் ஏவுகிறவருடைய உரிமை. அது பட்டதா, பட்டவர் விழுந்தாரா, தள்ளாடி நின்றாரா என்பதை எழுத வேண்டியவர் பட்டவர்தான். 'நெருப்பை அவன் மார்பை நோக்கி ஏவினேன்' என்றால் அங்கே உங்கள் முறை முடிகிறது. 'அவன் சாம்பலானான்' என்று சேர்த்தால் அடுத்தவர் முறையையும் நீங்களே எடுத்துக்கொள்கிறீர்கள். இணையத்தில் இப்படி ஆடுகிறவர்கள் இதைக் காட்மோடிங் என்பார்கள். எல்லாம் தானே ஆன கடவுளாக ஒருவர் ஆடினால் மற்றவர்களுக்கு அங்கே என்ன வேலை?

1974இல் அமெரிக்காவில் வெளிவந்த, பாத்திரமேற்று ஆடும் விளையாட்டான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் இந்தச் சண்டையைப் பகடை தீர்த்துவைக்கிறது. அதில் நெருப்புருண்டையை ஏவினாலும், எதிரி பகடை உருட்டித் தப்பப் பார்க்கலாம்; நன்றாக விழுந்தால் சேதம் பாதிதான். நம்மிடம் பகடை இல்லை. எதிரே இருப்பவர் எழுதப்போகும் பதிலை நம்பித்தான் நாம் ஆடுகிறோம். அது வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். நம்மில் சிலருக்கு இரவு ஷிப்ட் இருக்கிறது, சிலருக்குப் பரீட்சை இருக்கிறது. ஒரு நாள் பதில் வராததைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, விலை. கர்ணனுக்கு இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதம் ஒரே ஒரு முறைதான் பயன்படும். அர்ச்சுனனுக்கென்று பொத்திவைத்திருந்ததை, வேறு வழியில்லாமல் கடோற்கசன் மேல் ஏவிவிடுகிறான். அந்த 'ஒரே முறை' இல்லாவிட்டால் அந்த இரவில் பதைப்பதற்கு என்ன இருக்கிறது? நம் கதையில் கடலை எழுப்பியவர் மறுநாள் காலையில் சந்தையில் நின்று கீரை விலை பேசுகிறார். ஒரு தலைச்சுற்றல்கூட இல்லை.

தாக்கும் மந்திரத்தைவிட எனக்கு அதிகம் பயம் தருவது வசியம். அடிபட்ட பாத்திரம் இன்னும் அதை ஆடுகிறவர் கையில் இருக்கிறது. வசியப்பட்ட பாத்திரத்தை இன்னொருவர் எழுதத் தொடங்கிவிடுகிறார். மனத்தைப் படிப்பதும் அப்படித்தான். வாசகருக்காக நான் எழுதிய என் வைத்தியரின் ரகசிய நினைப்பை, அடுத்த பதிவில் உங்கள் மந்திரவாதி பொதுச்சபையில் உடைக்கிறார். கேட்டிருந்தால் எதைச் சொல்லலாம் என்று நானே எடுத்துக் கொடுத்திருப்பேன்.

நல்லது செய்கிற மந்திரத்துக்கும் இதே விதிதான். இதை நான் தப்பு செய்துதான் கற்றேன். சூளையில் மணிக்காரியின் கை வெந்துபோன பகுதியில் என் வைத்தியர் ஓடிப்போய் மந்திர எண்ணெய் தடவி, வடுவே தெரியாமல் ஆற்றிவிட்டார். அந்தத் தங்கை தனியாக எழுதினாள்: 'அண்ணா, அந்தத் தழும்பை வைத்து அடுத்த மாதம் ஒரு கதை யோசித்து வைத்திருந்தேன்.' மன்னிப்புக் கேட்டு அந்தப் பதிவை மாற்றி எழுதினேன். உதவி என்று நினைத்துக்கொண்டு அவள் கதையை அழித்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் துகிலுரிதலைப் பார்த்திருப்பீர்கள். துச்சாதனனாக வேடம் கட்டியவர் சேலையில் கை வைக்கும் முன், கற்பூரம் ஏற்றி, திரௌபதியாக நிற்பவரைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பார். அந்த ஒரு நிமிடம் அவர் துச்சாதனன் இல்லை. பிறகு அதே மனிதர் ஆடுகிற ஆட்டத்தில் பெண்கள் அழுவார்கள். அந்தக் கற்பூரத்தால் காட்சியின் கொடுமை ஒரு துளி குறைந்து நான் பார்த்ததில்லை. கொடிய மந்திரத்தை ஏவும் முன் கதைக்கு வெளியே வந்து 'இப்படிச் செய்யலாம் என்றிருக்கிறேன், உங்களுக்குச் சம்மதமா?' என்று கேட்டால் சுவாரசியம் போய்விடும் என்கிறவர்கள், ஒரு முறை அந்தக் கூத்தை விடிய விடிய உட்கார்ந்து பாருங்கள்.

அந்தக் கேள்வி கடலைப் பற்றியதாக இருந்தால் இன்னும் கட்டாயம். நாம் ஆடுவது கடலூர், புதுச்சேரிக் கரையில். 2004 டிசம்பர் 26ஆம் தேதி தேவனாம்பட்டினத்தில் கடல் உள்ளே வந்ததை நேரில் பார்த்தவர்கள் நம் குழுவில் இருக்கிறார்கள். 2011 டிசம்பர் 30ஆம் தேதி 'தானே' புயலில் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை நானே பார்த்தேன். புயலும் அலையும் கதையில் வரக் கூடாது என்பதில்லை. வருமுன் சொல்லிவிட்டு வர வேண்டும். மணிக்காரியாக ஆடிய தங்கை கடற்கரைக் குப்பத்துப் பெண். அந்தப் பதிவுக்குப் பிறகு அவள் ஒரு வரியும் எழுதவில்லை.

நடத்துநர்களே, எனக்கு வேண்டியது இவ்வளவுதான். ஒவ்வொரு மந்திரவாதியும் தன்னால் முடிந்தது எது, முடியாதது எது, கொடுக்கும் விலை என்ன என்பதை எழுதிக்கொடுத்த பிறகே கதைக்குள் வரட்டும். ஊர் முழுவதையும் தொடும் மந்திரத்துக்கு அங்கே இருக்கும் எல்லோருடைய சம்மதமும் இருக்கட்டும். சாவும் வசியமும் படுகிறவர் ஒப்பாமல் நடக்க வேண்டாம். கடலை எழுப்பிய நண்பரை வெளியேற்றச் சொல்லவில்லை. அவர் நன்றாக எழுதுகிறவர், வேண்டுமென்று காயப்படுத்தியிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன். அந்தத் தங்கைக்கு அவர் தன் சொந்தப் பெயரில் நான்கு வரி எழுதட்டும்.

பிறகு, அலை எழுந்த பதிவை எடுத்துவிட்டு, கதையை அதற்கு முந்தைய மாலைக்குக் கொண்டுபோங்கள். அன்று சூளையில் நீலக் கண்ணாடி உருகிக்கொண்டிருந்தது. என் வைத்தியர் வாசலில் நின்று ஒரு சரம் மணிக்கு விலை கேட்டிருந்தார். அடுத்த முறை அவளுடையது. நான் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
துறைமுகத்து வைத்தியர்
கடலூர்