உயர்தர மாணவர் ஒன்றியம்: செயலாளரின் ஆண்டறிக்கை 1995/96

மதிப்பிற்குரிய அதிபர் அவர்களே, பொறுப்பாசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருந்தகைகளே, ஒன்றியத் தலைவர் அவர்களே, அடுத்த ஆண்டு பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் தம்பி தங்கையரே, என் வகுப்புத் தோழர் தோழியரே, வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டம் 1995 யூன் மாதம் நமது மண்டபத்தில் நடைபெற்றது. அன்று வாசிக்கப்பட்ட அறிக்கையும் கூட்டக் குறிப்பேடும் இன்று நம்மிடம் இல்லை. ஆகவே சென்ற கூட்ட அறிக்கையை வாசித்து உறுதிப்படுத்தும் வழக்கம் இம்முறை இல்லை. கீழே வருவதில் பெரும் பகுதி என் நினைவிலிருந்தும், உபசெயலாளர் ஒரு கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்த திகதிகளிலிருந்தும் எழுதப்பட்டது. தவறு இருந்தால் கூட்ட முடிவில் எழுந்து சொல்லுங்கள், திருத்துவோம்.

ஒன்றியத்தின் ஆண்டு நிறைவு இராப்போசன விருந்தாக நடப்பதுதான் முறை. நாங்கள் சிறிய வகுப்பில் இருந்த காலத்தில் அந்த விருந்தை யன்னலால் எட்டிப் பார்த்திருக்கிறோம். அண்ணன்மார் வேட்டியோடும் அக்காமார் சேலையோடும் வருவார்கள், அயற் பாடசாலைப் பிரதிநிதிகள் வாழ்த்துரை சொல்வார்கள். நமக்கும் ஒரு நாள் வரும் என்று காத்திருந்தோம். யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு இருப்பதால் நமது நாள் காலை பத்து மணிக்கு, தேநீரோடும் வடையோடும் வந்திருக்கிறது. வடைக்கு உழுந்து தந்த பெற்றோருக்கு என் முதல் நன்றி.

அங்கத்துவம் பற்றிச் சொல்கிறேன். 1994இல் ஆண்டு 12 தொடங்கியபோது கணிதம், உயிரியல் ஆகிய இரு பிரிவுகளிலுமாக 58 பேர் இருந்தோம். இன்று இங்கே இருப்பவர்கள் 31 பேர். கிளாலிக் கடல் கடந்து தெற்கே வன்னிப் பெருநிலத்துக்குப் போனவர்கள் 14 பேர். கொழும்பிலும் வெளிநாட்டிலும் 6 பேர். மூவரைப் பற்றி யாருக்கும் செய்தி இல்லை. இருவர் இறந்துவிட்டனர். இருவர் கடந்த மாதத்திலிருந்து வீடு திரும்பவில்லை. அவர்களைப் பற்றிப் பின்னர் சொல்வேன்.

நமது ஆண்டு தொடங்கும்போதே அரசுக்கும் புலிகளுக்கும் இடையிலான போர் ஓய்வு முடிந்துவிட்டது. 1995 ஜனவரி 8இல் தொடங்கியது ஏப்ரல் 19இல் முறிந்தது. அந்த நூறு நாட்களில் நடந்த ஒன்றை மட்டும் பதிவு செய்ய விரும்புகிறேன். கொழும்பு போய் வந்த ஒரு தந்தை நமது ஆய்வுகூடத்துக்கு இரண்டு உலர்மின்கலங்கள் கொண்டுவந்து தந்தார். மின்சுற்றை வரைபடத்தில் மட்டுமே பார்த்திருந்த நாங்கள் அன்று ஒரு சுற்றை அமைத்து, சிறிய குமிழ் எரிவதைக் கண்டோம். மின்சாரம் நின்றது 1990இல். அப்போது நாங்கள் ஆண்டு 8. ஓமின் விதியையும் கூலோமின் விதியையும் ஜாம் போத்தல் விளக்கில், அடியில் பஞ்சும் இரண்டு மூடி மண்ணெண்ணெயும் விட்டுப் படித்த வகுப்பு இது. அந்தக் குமிழ் எரிந்தபோது ஆய்வுகூடத்தில் எழுந்த சத்தத்துக்கு உப அதிபர் ஓடி வந்தார்.

யூலை 9ஆம் திகதி அரச படையின் நடவடிக்கை தொடங்கியதும் வலிகாமம் மேற்கிலிருந்து சனம் பெயர்ந்து வந்தது. அன்றுதான் நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் குண்டு விழுந்து, தஞ்சம் புகுந்திருந்தவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். நமது வகுப்பறைகள் இரண்டு வாரம் அகதி முகாமாக இருந்தன. ஒன்றிய உறுப்பினர் மாறி மாறி நின்று கஞ்சி காய்ச்சினோம். செப்ரெம்பர் 22இல் நாகர்கோவில் மகாவித்தியாலயத்தின் மீது குண்டு விழுந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்த செய்தி வந்த பிறகு, பல பெற்றோர் சிறிய வகுப்புப் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தினர். உயர்தர வகுப்பு மட்டும் தொடர்ந்தது. ஒக்ரோபரில் வாணி விழாவைச் சுருக்கமாகக் கொண்டாடினோம். நமது மண்டபத்தில் ஒன்றியம் நடத்திய கடைசி நிகழ்ச்சி அதுவே.

இனிச் சொல்லப்போவது இவ்வாண்டு ஒன்றியம் செய்த ஒரே பெரிய வேலை. அதற்கு நாங்கள் வைத்த பெயர் குறிப்பு நூலகம்.

போட்டோக் கொப்பி எடுக்க மின்சாரமும் இல்லை, தாளும் இல்லை என்பதால், கடந்தகால வினாத்தாள்களையும் ஆசிரியர் குறிப்புகளையும் கையால் படியெடுத்துச் சேர்த்து வந்தோம். தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல், தாவரவியல், விலங்கியல் என்று ஆறு கட்டுகள். ஒருவர் எழுதுவார், ஒருவர் ஒப்பு நோக்குவார். ரியூட்டரிக்குப் போக வசதியில்லாதவர்கள் அதை நம்பியே படித்தார்கள். நானும் அவர்களில் ஒருத்தி.

ஒக்ரோபர் 30, திங்கட்கிழமை மாலை, எல்லோரும் வலிகாமத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அந்த இரவைப் பற்றி இங்கே யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. செம்மணி வீதியிலும் நாவற்குழிப் பாலத்திலும் நாங்கள் எல்லோரும் நின்றோம். மழையும் பெய்தது. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைநீரைக் குடித்தோம். என் அம்மா அரிசியையும் அம்மம்மாவின் மருந்தையும் எடுத்தா. நான் என் சான்றிதழ்களை எடுத்தேன். நூலகப் பொறுப்பாளராக இருந்த நமது தோழர், தன் உடுப்புகள் ஒன்றையும் எடுக்காமல், ஆறு கட்டுகளையும் இரண்டு உரப்பைகளில் போட்டுச் சைக்கிள் கரியரில் கட்டி உருட்டிக்கொண்டு வந்தார். ஒரு மாதம் முழுவதும் அவர் ஒரே சேட்டோடு திரிந்தார். அவர் இப்போது வன்னியில் இருக்கிறார். இக்கூட்டத்தில் அவருக்குப் பாராட்டுத் தெரிவித்து ஒரு தீர்மானம் நிறைவேற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உரப்பைக்குள் தண்ணீர் போய்விட்டது. கைதடியில் ஒரு வீட்டு விறாந்தையில் இடம் கிடைத்த பிறகு தாள் தாளாகப் பிரித்து வேலியிலும் பாயிலும் காயப்போட்டோம். குமிழ்முனைப் பேனையால் எழுதியவை தப்பின. மைப்பேனையால் எழுதியவை நீலக் கறையாக நின்றன. இரசாயனவியல் கட்டை எழுதியவர் நமது வகுப்பிலேயே அழகான எழுத்து உள்ளவர். அவர் மைப்பேனையைத் தவிர வேறு எதனாலும் எழுதமாட்டார். அசேதன இரசாயனம் முழுவதும் போய்விட்டது. இரசாயனவியல் ஆசிரியர் அந்தத் தாள்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் வந்து, ஆவர்த்தன அட்டவணையின் முதற் கூட்டத்திலிருந்து தொடங்கி, மூன்று மாதம் நினைவிலிருந்தே சொல்லிக்கொடுத்தார். இந்த முறை எல்லோரும் குமிழ்முனைப் பேனையால் எழுதினோம். சேர், நாங்கள் உங்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றியை இதுவரை சொல்லவில்லை. இப்போது சொல்கிறோம்.

நாங்கள் இடம்பெயர்ந்திருந்த தென்மராட்சியில் ஒரு பாடசாலை தன் வகுப்புகளைக் காலையோடு முடித்து, பிற்பகலை நமக்குத் தந்தது. அறைகளைச் சிறிய வகுப்புகளுக்கு விட்டு நாங்கள் மாமரத்தடியில் இருந்தோம். கரும்பலகையை மரத்தில் கட்டினோம். இரசாயனவியல் நியமிப்புக்கு அளவியும் குழாயியும் அந்தப் பாடசாலை மாணவர் கழுவி வைத்துவிட்டுப் போவார்கள். தங்கள் ஊரில் சனம் பல மடங்காகி, கிணறு வற்றி, மலசலகூடம் போதாமல் இருந்த காலத்தில் அவர்கள் அதைச் செய்தார்கள். அதன் அதிபருக்கும் மாணவர்களுக்கும் ஒன்றியத்தின் நன்றி எழுத்தில் போக வேண்டும்.

மரத்தடியில் முதல் நாள் நாங்கள் 11 பேர். நமது வரவுப் பதிவேடான இடாப்பு கல்லூரியிலேயே விடுபட்டுவிட்டது. வகுப்பாசிரியை ஒரு புதிய சி.ஆர். கொப்பியைத் திறந்து, 58 பெயர்களையும் வரிசை தவறாமல் நினைவிலிருந்து எழுதினா. பிறகு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டா. பதில் வராத பெயருக்கும் சற்றுப் பொறுத்தா. நாலாவது பெயருக்கு ஒருவர் எழுந்து, "ரீச்சர், அவரைக் கொடிகாமத்தில கண்டனான்" என்றார். அடுத்த பெயருக்கு வேறொருவர், "மிருசுவில் சந்தியில நிண்டவ" என்றார். அன்று மாலை சைக்கிள் உள்ளவர்கள் நாலு திசைக்கும் போனார்கள். இரண்டு கிழமையில் மரத்தடியில் 43 பேர் ஆனோம். இந்த ஒன்றியம் ஒன்றியமாக நின்றது அந்த இடாப்பால்தான் என்பது என் எண்ணம். இதைச் செயலாளர் அறிக்கையில் எழுதலாமா என்று பொறுப்பாசிரியரிடம் கேட்டேன். எழுது என்றார்.

விளையாட்டுத்துறையில் சொல்வதற்குக் குறைவு. தைப்பொங்கலன்று ஒரு மென்பந்துப் போட்டி நடந்தது, அவ்வளவுதான். மார்ச் 17ஆம் திகதி லாகூரில் நடந்த உலகக் கிண்ண இறுதிப் போட்டியின் வர்ணனையை வானொலியில் கேட்டோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஆளுக்கு ஐந்து ஓவர் வீதம் மிதியைக் கையால் சுற்றினால்தான் டைனமோ வானொலிக்கு மின் தரும். சுற்றியவர் களைத்தால் குரல் மெலியும், எல்லோரும் கத்துவார்கள். முரளிதரன் பந்து வீசியபோது இரண்டு பேர் சேர்ந்து சுற்றினார்கள். அந்த நாளில் நாங்கள் எல்லோரும் ஒரே இடத்தில் சிரித்துக்கொண்டு இருந்தோம். அதன் பிறகு அப்படி ஒரு நாள் வரவில்லை என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

ஏப்ரல் 19இல் தென்மராட்சியிலும் படை நடவடிக்கை தொடங்கியது. வலிகாமத்துக்குத் திரும்புவதா, கிளாலி கடந்து வன்னிக்குப் போவதா என்பதை ஒவ்வொரு குடும்பமும் ஓரிரு நாளில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. வகுப்பு இரண்டானது. பிரியும்போது குறிப்பு நூலகத்தையும் பங்கிட்டோம். எல்லாவற்றையும் படியெடுக்க நேரம் போதவில்லை. பௌதிகவியலின் இரண்டாம் பகுதி அவர்களிடம் இருக்கிறது. அவர்களுக்கு வேண்டிய தாவரவியல் நம்மிடம் இருக்கிறது. கடிதப் போக்குவரத்து வந்ததும் அனுப்பிக்கொள்வோம் என்று பேசிக்கொண்டோம். இப்போது கிளிநொச்சியில் சண்டை நடக்கிறது. அவர்களுடைய தாவரவியல் கட்டை நான் யாருக்கும் இரவல் கொடுக்கவில்லை. என் பொறுப்பில் வைத்திருக்கிறேன்.

திரும்பி வந்தபோது நமது கல்லூரியில் மேசை கதிரைகள் அரைவாசிக்கும் குறைவாக இருந்தன. நூலகப் புத்தகங்கள் தரையில் நனைந்து கிடந்தன. நாங்கள் ஆண்டு 8இல் மண்வெட்டி பிடித்து வெட்டிய பங்கருக்குள் தண்ணீர் நின்று தவளை கத்தியது. மூன்று சனிக்கிழமை சிரமதானம் செய்து ஐந்து அறைகளைப் பாவனைக்குக் கொண்டுவந்தோம். பழைய இடாப்பைத் தேடினோம், கிடைக்கவில்லை.

யூலை மாதத்தில் நமது வகுப்பு மாணவர் இருவர் சுற்றிவளைப்பின்போது கொண்டுசெல்லப்பட்டனர். ஒருவர் பிரயோக கணிதக் கொப்பியோடு போனவர். அவர்களுடைய தாய்மார் ஒவ்வொரு நாளும் விசாரிக்கப் போகிறார்கள். அதிபர் அவர்களும் கடிதம் கொடுத்திருக்கிறார். பரீட்சை அனுமதி அட்டை இருவருக்கும் வந்திருக்கிறது. அவற்றை அலுவலகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறோம். பரீட்சை தொடங்கும் காலை அவர்கள் வந்தாலும் எடுத்துக் கொடுப்பதற்கு ஒருவர் அங்கே நிற்பார்.

பரீட்சைக்கு இன்னும் சில நாட்களே உள்ளன. செயற்குழு எடுத்த முடிவை இங்கே மீண்டும் அறிவிக்கிறேன். பரீட்சை நிலையத்துக்கு யாரும் தனியே போகக்கூடாது, தனியே திரும்பவும் கூடாது. குறைந்தது நாலு சைக்கிள் சேர்ந்து போக வேண்டும். வினாத்தாளை முதலில் எழுதி முடித்தவர் மற்றவர்களுக்காக வாசலில் காத்திருக்க வேண்டும். சோதனைச் சாவடி உள்ள வீதிகளால் வரும் பெண் பிள்ளைகளுக்கு இது கட்டாயம். எந்த வீதிக்கு யார் யார் என்ற பட்டியல் அறிவித்தல் பலகையில் உண்டு. பாடம் வேறாக இருப்பதால் நாள் மாறுபவர்கள், உறவினர் ஒருவரை அழைத்து வரவும். இதை வெறும் சம்பிரதாயமாக எடுக்கவேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஒன்றியப் பணத்தைப் பால்மா ரின் ஒன்றில் போட்டு, இடம்பெயர்ந்த ஆறு மாதமும் ஒரு சதம் குறையாமல் காத்தவர் அவர் என்பதை மட்டும் நான் சொல்லவேண்டும். செலவு வெண்கட்டி, மண்ணெண்ணெய், தாள், பேனை. வேறொன்றும் இல்லை.

1997ஆம் ஆண்டு வகுப்பினரிடம் இன்று கையளிப்பவை: பௌதிகவியல் முதற் பகுதி, தூய கணிதம், பிரயோக கணிதம், விலங்கியல் கட்டுகள், புதிதாக எழுதிய இரசாயனவியல் கட்டு, ரின், சி.ஆர். கொப்பி. அந்தக் கொப்பி பற்றி ஒரு பிரேரணையை முன்வைக்கிறேன். பாடசாலையை விட்டு நின்றவர்களின் பெயரைச் சிவப்பு மையால் வெட்டி, காரணம் எழுதுவது இடாப்பு வழக்கம். நமது இடாப்பில் எந்தப் பெயரும் வெட்டப்படவில்லை. காரணம் எழுதும் நிரலை நாங்கள் வெறுமையாக விட்டிருக்கிறோம். எங்களுக்குப் பிறகும் அதை யாரும் நிரப்பாமலும், ஒரு பெயரையும் வெட்டாமலும், அதிபர் அலுமாரியில் வைத்துக் காக்க வேண்டும் என்பதே பிரேரணை. வழிமொழிபவர் எழுந்து நிற்கவும்.

அடுத்து, இடாப்பை வாசிக்குமாறு வகுப்பாசிரியை அவர்களை அழைக்கிறேன். 58 பெயர்களும் வாசிக்கப்படும். பதில் வராத பெயருக்கும் ரீச்சர் சற்றுப் பொறுத்திருப்பா. எல்லோரும் அமைதியாக இருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

செயலாளர்,
உயர்தர மாணவர் ஒன்றியம்,
ஓகஸ்ட் 1996