வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால்

காரைக்குடி,
கார்த்திகை 12.

அன்புள்ள விசாலம்,

இங்கே எல்லோரும் நலம். அங்கே அப்பத்தாவுக்குக் கால்வலி தேவலையா? பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க நீ வரும்போது உட்கார்ந்து பேசலாம் என்றுதான் இருந்தேன். கட்டம் போட்ட நம் கண்டாங்கிச் சேலையை இணையத்தில் விற்கக் கற்றுத்தரும் வகுப்பில் சேரப் போவதாக எழுதியிருக்கிறாய். உன் கடிதத்தைப் பார்த்தால் நோன்புவரை பொறுக்க மாட்டாய் போலிருக்கிறது. அதற்குள் வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டு வந்து நிற்பாய்.

கட்டாதே என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு வேலை செய். ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு உன் வாட்ஸ்அப்பைத் திற. இரண்டு மாதமாகக் கண்டாங்கி கேட்டு வந்தவர்கள் என்னென்ன கேட்டார்கள் என்று வரிசையாக எழுது. விலை என்ன, நீளம் எவ்வளவு, ஜாக்கெட் துணி உண்டா, சாயம் போகுமா, படத்தில் இருக்கிற அதே கலர்தானா, கஞ்சி போடணுமா, பெங்களூருக்கு அனுப்புவீர்களா. திரும்பத் திரும்ப வருகிற கேள்வி பத்துப் பன்னிரண்டுக்கு மேல் தேறாது. உனக்கு அதுதான் பாடப்புத்தகம். ஒரு கேள்விக்குப் பதில் படமாக இருக்கும், இன்னொன்றுக்கு ஒரு வரி போதும், வேறொன்றுக்கு முழுப் பக்கம் எழுத வேண்டியிருக்கும். வகுப்பில் கருவிகளைக் காட்டித் தருவார்கள். அதைக் கொண்டு என்ன சொல்வது என்பது அந்த நோட்டில்தான் இருக்கும்.

முதலில் படம். சேலை திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் கலர்தான் காரணம். "படத்தில் அரக்கு, கையில் செங்கல்" என்று கோபப்படுவார்கள். நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். வளவில், திறந்த முற்றத்தில் எடுத்திருக்கிறாய், நல்லது, மேலேயிருந்து இறங்குகிற வெளிச்சம் சீராக இருக்கும். ஆனால் சேலையை நேரே ஆத்தங்குடித் தரைக்கல் மேல் விரித்திருக்கிறாய். சிவப்புக் கல்லில் பட்ட வெளிச்சம் சிவப்பாகத்தான் திரும்பும். மடிப்பின் அடிப்பக்கமெல்லாம் அந்த நிறம் ஏறியிருக்கிறது, பார். அது போதாதென்று போன் வேறு தன் பங்குக்குக் குழப்பும். படம் முழுக்கச் சிவப்பாக இருந்தால், வெளிச்சத்தில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு நீலத்தைக் கூட்டிவிடும். அதனால்தான் ஒரே சேலை ஒரு படத்தில் குங்குமமாகவும் அடுத்ததில் கத்திரிக்காய் நிறமாகவும் தெரிகிறது.

கல் மேல் ஒரு வெள்ளை வேட்டியை நான்காக மடித்து விரி. அதன்மேல் சேலை. ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் படத்துக்குள் விழும்படி இருக்கட்டும், பிறகு வெட்டிக்கொள்ளலாம். அது இருந்தால் போனுக்கு வெள்ளை எது என்று தெரியும். நேர் வெயில் விழாத காலை நேரம் நல்லது. அந்த நேரத்தில் டியூப்லைட் எரியக் கூடாது. இரண்டு வெளிச்சம் கலந்தால் அப்புறம் எந்த ஆப்பாலும் சரிசெய்ய முடியாது. திரையில் சேலை மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பூட்டிவிட்டு எல்லாப் படத்தையும் ஒரே மூச்சில் எடு. ஃபில்டர் போடவே போடாதே. அது கல்யாண ஆல்பத்துக்குச் சரி, விற்கிற சேலைக்கு ஆகாது.

கண்டாங்கிக்கு என்றே இன்னொரு தொல்லை உண்டு. சின்னக் கட்டம் போட்ட சேலையைத் தூரத்திலிருந்து எடுத்தால் படத்தில் அலையலையாக, தண்ணீர் நெளிவது போல் கோடு தெரியும். துணியில் ஒரு குறையும் இல்லை. கேமராவின் புள்ளி வரிசையும் நெசவின் இழை வரிசையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்வதால் வருவது அது. வாங்குகிறவருக்கு இதெல்லாம் தெரியுமா? மட்டமான துணி என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். இரண்டடி முன்னால் போ, அல்லது பின்னால் வா, இல்லையென்றால் போனை லேசாகச் சாய். ஜூம் பண்ணாதே, காலால் நட. எடுத்த பிறகு படத்தைப் பெரிதாக்கி ஒரு தடவை, சின்னதாக்கி ஒரு தடவை பார்த்துவிடு.

ஒரு சேலைக்கு ஐந்து படம் போதும்: முழு விரிப்பு, முந்தி, கரை, ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்து நெசவின் நெருக்கம், யாராவது கட்டியிருப்பது. நாணயம் இருந்தால் கட்டம் எவ்வளவு பெரிது என்று யாரும் கேட்க மாட்டார்கள். இன்ஸ்டாகிராமுக்கு 1080-க்கு 1350 அளவில் நெட்டுவாக்கில் வெட்டிக்கொள். படத்தைக் கணினிக்கு மாற்ற உன் வாட்ஸ்அப்பிலிருந்தே உனக்கு அனுப்பிக்கொள்கிறாய் அல்லவா, அதை "டாக்குமென்ட்" என்று அனுப்பு. படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், இழையெல்லாம் மங்கிப்போகும்.

படத்துக்குக் கீழே எழுதுவதைப் பற்றி. "அழகான கண்டாங்கி, விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்று இனிமேல் எழுதாதே, ஆத்தா. விலையை மறைத்தால் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் போய்விடுவார்கள், வேடிக்கைக்குக் கேட்கிறவர்கள்தான் மிஞ்சுவார்கள். இப்படி இருக்கட்டும்:

"செங்கல் சிவப்பில் கடுகு மஞ்சள் கட்டம். ₹1,450, தமிழ்நாட்டுக்குள் அனுப்பும் செலவு உட்பட. 80 கவுண்ட் பருத்தி, காரைக்குடியில் கைத்தறியில் நெய்தது. நீளம் 5.5 மீட்டர், ஜாக்கெட் துணி இல்லை. முதல் இரண்டு தடவை லேசாகச் சாயம் இறங்கும், தனியாகப் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தவும். இந்த நிறத்தில் ஒன்றுதான் இருக்கிறது."

விலையும், நூலின் சன்னத்தைச் சொல்லும் கவுண்ட்டும் சும்மா எழுதியவை, உன் கணக்கைப் போட்டுக்கொள். நீளத்தை நெசவாளர் சொன்னதை வைத்து எழுதாமல் டேப்பு வைத்து அளந்து எழுது. சாயம் இறங்கும் என்பதை நீயே முன்னால் சொல்லிவிட்டால் அது குறிப்பு. அவர்கள் துவைத்துவிட்டுச் சொன்னால் அது புகார். இன்ஸ்டாகிராமில் முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும், மீதியை அமுக்கித் திறக்க வேண்டும். அதனால் நிறமும் விலையும் மேலே வரட்டும். ஹேஷ்டேக் மூன்று நான்கு போதும். கீழே வரிசையாக அடுக்கினால் சந்தையில் கூவுகிற மாதிரி இருக்கிறது.

கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உனக்குத் தெரியும். அதற்காக அந்த முத்திரையை எடுத்து உன் படத்தில் ஒட்டிவிடாதே. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்தவர்கள்தான் போடலாம். உனக்கு நெய்து தருகிறவர் பதிவு செய்திருக்கிறாரா என்று கேள். இல்லையென்றால் எந்த ஊரில், எந்தத் தறியில் நெய்தது என்று எழுதினால் போதும். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று எழுதும் வேலை வேண்டவே வேண்டாம்.

வாட்ஸ்அப் பிசினஸுக்கு மாறிவிடு, காசு கிடையாது. அதில் படமும் விலையும் போட்டு வைக்கக் கேட்டலாக் என்று ஒன்று உண்டு, 500 பொருள் வரை ஏற்றலாம். "குயிக் ரிப்ளை"தான் உனக்கு ரொம்ப உதவும். நோட்டில் எழுதிய கேள்விகளுக்கெல்லாம் பதிலை ஒரு தடவை தட்டச்சு செய்து வைத்துவிட்டு, ஒரு சாய்கோடும் ஒரு சொல்லும் அடித்தால் முழுப் பதிலும் வந்து நிற்கும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உன் எண்ணைத் தன் போனில் பதிந்து வைத்தவருக்கு மட்டும்தான் செய்தி போகும். "பார்த்தார்களா இல்லையா" என்று நீ புலம்பியதற்கு இதுதான் காரணம். சேலை அனுப்பும்போது பார்சலில் ஒரு சின்னத் தாள் வை, "புது வரவு பார்க்க இந்த எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள்" என்று. யாரிடமாவது காசு கொடுத்து எண் பட்டியல் வாங்காதே. நாலு பேர் பிளாக் செய்து புகார் கொடுத்தால் உன் எண்ணே முடங்கிவிடும்.

இனி வலைப்பூ. இன்ஸ்டாகிராமில் போட்டது நாலு நாளில் கீழே போய்விடும். கூகுளில் தேடி வருகிறவருக்கு இரண்டு வருடம் கழித்தும் கிடைப்பது வலைப்பூவில் எழுதியதுதான். கூகுளின் பிளாகரே போதும், இலவசம். நோட்டில் இருக்கும் கேள்விகளில் பெரிய பதில் வேண்டியதை மட்டும் ஒவ்வொரு பதிவாக எழுது: கண்டாங்கியை முதல் தடவை எப்படித் துவைப்பது, கைத்தறியா விசைத்தறியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, பின்கொசுவம் வைத்து எப்படிக் கட்டுவது. கேள்வியே தலைப்பு. பதிலை முதல் பத்தியிலேயே சொல்லிவிடு, "பாரம்பரியம் மிக்க நம் செட்டிநாட்டில்" என்று ஆரம்பித்து இழுக்காதே. தலைப்பு முடிவு செய்யும் முன் கூகுளில் பாதி தட்டச்சு செய்து நிறுத்து, கீழே என்னென்ன வருகிறது என்று பார். நாம் சேலை என்கிறோம், சென்னையில் புடவை என்று தேடுவார்கள், யாழ்ப்பாணத்துக்காரர்கள் சாறி என்பார்கள். பதிவுக்குள் மூன்றும் இயல்பாக ஓரிடத்திலாவது வரட்டும்.

இதில் மூன்று இடத்தில் வழுக்கும். தமிழில் தலைப்புப் போட்டால் பிளாகர் பதிவின் முகவரியை "blog-post" என்று பொதுப்பெயராக வைத்துவிடும். வெளியிடும் முன்பே பெர்மாலிங்க் என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக "kandangi-wash" என்கிற மாதிரி நீயே கொடு. அங்கே தமிழ் எழுத்தை ஏற்காது. இரண்டாவது, டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கிய குறிப்பை அப்படியே ஒட்டாதே, எல்லாப் போனிலும் தெரிகிற யூனிகோடுக்கு மாற்றாமல் போட்டால் வாசிக்கிறவருக்குக் கிறுக்கலாகத்தான் தெரியும். மூன்றாவது, பதிவு போட்டால் மட்டும் ஆகாது, கூகுள் தேடலில் நம் பக்கம் எப்படி வருகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலில் வலைப்பூவைச் சேர்த்து, அதன் பக்கங்களின் பட்டியலான சைட்மேப் கொடுக்க வேண்டும். என்ன சொல்லைத் தேடி வந்தார்கள் என்று பிறகு அதிலேயே பார்க்கலாம், 16 மாதக் கணக்கு இருக்கும். அங்கே வருகிற சொற்களையும் நோட்டில் ஏற்று. முதல் இரண்டு மூன்று மாதம் காற்று வாங்கும், பயப்படாதே.

ரீல்ஸ் பற்றிக் கேட்டிருந்தாய். சினிமாப் பாட்டு வேண்டாம். பிசினஸ் கணக்குக்குப் பல பாட்டுகள் கிடைக்காது, எப்படியாவது போட்டாலும் ஒலியை நிறுத்திவிடுவார்கள். தறிச் சத்தத்தைவிட உனக்கு வேறென்ன பாட்டு வேண்டும்? நாடா ஓடுவது, கட்டம் ஒவ்வொன்றாக விழுவது, நெசவாளரின் கால் மிதிபலகையில் மாறி மாறி அழுந்துவது, இருபது விநாடி போதும். அவரிடம் முதலில் கேட்டுவிட்டு எடு.

விளம்பரத்துக்கு இப்போதே காசு போடாதே. குறைந்தது இருபது சேலை மேலே சொன்ன மாதிரி ஏறட்டும். அப்புறம் ஒரு நாளைக்கு ₹150 வீதம் ஒரு வாரம், கோயம்புத்தூரோ பெங்களூரோ ஓர் ஊருக்கு மட்டும், வாட்ஸ்அப்பில் பேசச் சொல்லும் விளம்பரமாகப் போட்டுப் பார். லைக்கை எண்ணாதே. எத்தனை பேர் பேசினார்கள், எத்தனை சேலை போயிற்று, இதை நோட்டில் எழுது. வெளிமாநிலத்துக்கு முதல் பார்சல் போகும் முன் ஜிஎஸ்டி பற்றி ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடு.

கடைசியாகப் பூட்டு சாவி. எல்லாக் கணக்கும் உன் மின்னஞ்சலில், உன் எண்ணில் இருக்க வேண்டும். உனக்குக் கணக்கு ஆரம்பித்துத் தருகிற பையன் நல்லவன்தான், ஆனாலும் அவன் மின்னஞ்சலில் தொடங்கினால் அவன் சிங்கப்பூர் போகும் நாளில் உன் கடையும் கூடப் போகும். இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிடு. "உங்கள் பக்கம் காப்புரிமை மீறியது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும்" என்று இணைப்போடு வருகிற செய்தி கடவுச்சொல்லைத் திருடத்தான். பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துச் சேலையை அனுப்பிவிடாதே, வங்கிக் கணக்கில் ஏறியதா என்று பார். பணம் வாங்க உன் PIN எண்ணை அடிக்கச் சொன்னால் போனை வைத்துவிடு.

இந்த வாரத்துக்குள் நோட்டை எழுதி முடி. அந்தப் பக்கத்தையும், வேட்டி மேல் வைத்து எடுத்த ஒரு சேலைப் படத்தையும் எனக்கு அனுப்பு. டாக்குமென்டாக. நோன்புக்கு வரும்போது செங்கல் சிவப்பில் ஒன்று எடுத்து வா, ஆத்தாவுக்கு வேண்டுமாம். நிறம் படத்தில் இருக்கிற மாதிரியே இருக்கட்டும்.

உன்,
தெய்வானை