செயலாளர் அறிக்கை: யாரும் சீண்டாத கன்செர்ட்டோக்களுடன் ஓராண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் இசை மன்றத்தின் சென்ற பொதுக்குழு முடிவு உங்களுக்கு நினைவிருக்கும். ஓராண்டுக்கு சைக்கோவ்ஸ்கி வேண்டாம், ரக்மானினவ் வேண்டாம்; ஒரு காலத்தில் ஐரோப்பாவையே கிறங்கடித்துவிட்டு அப்புறம் கேட்பாரற்றுப் போன பியானோ கன்செர்ட்டோக்களை (பியானோவும் ஆர்கெஸ்ட்ரா எனும் பெரிய வாத்தியக் குழுவும் சேர்ந்து இசைப்பவை) மட்டும் மாதக் கூட்டங்களில் கேட்பது என்று தீர்மானித்தோம். முணுமுணுப்பு இருந்தது. ஆனால் கூட்டம் குறையவில்லை.

நமக்குக் கைகொடுத்தது, லண்டனின் ஹைப்பீரியன் இசைத்தட்டு நிறுவனம் 1991இல் தொடங்கிய ரொமான்டிக் பியானோ கன்செர்ட்டோ வரிசை. முதல் தட்டில் மோஷ்கோவ்ஸ்கியும் பாதெரெவ்ஸ்கியும் எழுதியவை. வாசித்தவர் பியர்ஸ் லேன். வரிசை இன்று எண்பது தட்டுகளைத் தாண்டிவிட்டது. அதற்கு முன்பே பியானோ கலைஞர் மைக்கேல் பான்ட்டி இந்தக் காட்டில் தனியாளாக வழி வெட்டியவர். அவர் விரல்களில் குறை சொல்ல முடியாது. அவர் தட்டுகளில் பின்னால் வரும் ஆர்கெஸ்ட்ராதான் பல இடங்களில் ஒத்திகை போதாமல் மூச்சிரைக்கிறது.

இவை ஏன் காணாமல் போயின என்பது கிட்டத்தட்ட எல்லாக் கூட்டத்திலும் கிளம்பிய கேள்வி. எழுதியவரே வாசிப்பவர், தன் கைக்குத் தோதாகத் தானே தைத்துக்கொண்ட சட்டை. அவர் போன பிறகு அது யாருக்கும் பொருந்துவதில்லை. பொருந்தினாலும், தெரியாத பெயருக்கு டிக்கெட் விற்காது. அதனால் இவற்றுக்கு மேடையைவிட ஒலிப்பதிவுக் கூடமே புகலிடம் என்பது என் கருத்து. தலைவர் இதை ஏற்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஷார்வென்காவின் முதல் கன்செர்ட்டோவை எர்ல் வைல்ட் 1969இல் பாஸ்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவுடன் பதிவு செய்தார். வைல்டின் ஆசிரியர் செல்மார் யான்சன், ஷார்வென்காவிடமே பயின்றவர். குரு வழியாகக் கைக்கு வந்த பாடம் என்பது வாசிப்பிலேயே தெரிகிறது. எங்கும் தயக்கம் இல்லை. அதே ஷார்வென்காவின் நான்காவதை ஸ்டீவன் ஹஃப் வாசித்த தட்டு, 1996இல் கிராமஃபோன் இதழின் ஆண்டின் சிறந்த பதிவு விருதைப் பெற்றது. அதே தட்டில் கூடவே உள்ள கன்செர்ட்டோவை எழுதிய சாவர், லிஸ்ட்டிடம் படித்தவர். எளிதாகப் பிடித்துப்போகிற இசை.

ஆண்டின் உச்சம், ஹென்செல்ட்டின் இசையைக் கேட்ட மாலைக் கூட்டம். நாற்காலி போதாமல் பக்கத்து அறையிலிருந்து எடுத்துவர வேண்டியிருந்தது. ஜெர்மனியில் பிறந்து பீட்டர்ஸ்பர்க்கில் வாழ்ந்தவர். மேடை என்றாலே நடுக்கம். முப்பது சொச்சம் வயதிலேயே பொதுக் கச்சேரிகளை ஏறக்குறைய விட்டுவிட்டார். ஆனால் வீட்டில் விரல்களை விரித்து விரித்துப் பழக்கிக்கொண்டே இருந்தாராம். எஃப் மைனர் கன்செர்ட்டோவில் அதன் பலனைக் காணலாம்: இடது கை எட்டாத தூரத்தை எட்டியபடியே இருக்கும், மேலே மெட்டு ஒன்றும் நடக்காததுபோல் பாடிக்கொண்டிருக்கும். மார்க்-ஆந்த்ரே ஹாமலின் பதிவைத்தான் போட்டோம். மெதுவான நடுப்பகுதி முடிந்ததும் ஒருவர் கைதட்டிவிட்டார். யாரும் அதட்டவில்லை.

புசோனியைக் கேட்ட மாலைக் கூட்டம் அப்படி அமையவில்லை. 1904இல் பெர்லினில் அரங்கேறிய கன்செர்ட்டோ. ஐந்து பகுதிகள், எழுபது நிமிடத்துக்கு மேல், கடைசியில் ஆண்கள் குழு வேறு பாடும். நான்காம் பகுதியின் இத்தாலியத் தெருக்கூத்து ஆட்டத்தில் சிலர் காலால் தாளம் போட்டார்கள். சிலர் காபிக்குப் போனவர்கள், கோரஸ் தொடங்கிய பிறகுதான் வந்தார்கள். எனக்கு அது மகத்தான படைப்பு. கடிகாரத்தைப் பார்த்தவர்கள் மீதும் கோபமில்லை.

லிட்டால்ஃபின் நான்காவது கன்செர்ட்டோவில் ஸ்கெர்ட்ஸோ எனும் துள்ளலான பகுதி மட்டும்தான் தேறியது. மற்ற பகுதிகளுக்கு மறுவாய்ப்பு தர வேண்டாம் என்று பெரும்பான்மை. சரி, விட்டுவிடலாம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆம்ப்ளிஃபயரின் வலது சேனல் இன்னும் கரகரக்கிறது. பழுதுபார்க்க ஒப்புதல் வேண்டும். அடுத்த ஆண்டுக்கு மோஷெலஸ், ஹில்லர் கன்செர்ட்டோக்களை முன்மொழிகிறேன். பியானோவில் உட்கார்ந்தபடியே ஆர்கெஸ்ட்ராவையும் நடத்தும் ஹோவர்ட் ஷெல்லியின் பதிவுகள் இருக்கின்றன. சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போகவும்.

செயலாளர்