'கர்ஃப்யூ' பிறந்தது அடுப்பங்கரையில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இதழின் சொல்விளக்கப் பகுதியில், ஊரடங்கைக் குறிக்கும் 'கர்ஃப்யூ' என்ற ஆங்கிலச் சொல்லின் ஈற்றில் 'சில' எனப் பொருள்படும் 'ஃபியூ' இருப்பதாகவும், சிலருக்கு மேல் கூடக்கூடாது என்பதே அதன் மூலப்பொருள் என்றும் எழுதப்பட்டிருந்தது. ஒலியை மட்டும் நம்பிய விளக்கம் அது. பழைய பிரெஞ்சு மொழியில் 'மூடு' என்ற ஏவலும் 'நெருப்பு' என்ற பெயரும் இணைந்த சொல்லே இங்கிலாந்துக்கு வந்து, தேய்ந்து, 'கர்ஃப்யூ' ஆயிற்று.

மரச்சட்டங்களும் வைக்கோல் கூரையுமாக வீடுகள் நெருங்கி நின்ற இடைக்கால ஐரோப்பிய ஊர்களில், படுக்கப் போகும்போது அடுப்பை அப்படியே விட்டால் ஒரு பொறி தெருவையே எரித்துவிடும். அணைத்துவிட்டாலோ, மறுநாள் காலையில் சிக்கிமுக்கிக் கல்லோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆகவே மாலை மணி ஒலித்ததும் தணலைக் கூட்டிக் குவித்து, மேலே ஒரு மூடியைக் கவிழ்த்தார்கள். விடியும்வரை அது நீறு பூத்த நெருப்பாகக் கிடக்கும். அந்த மூடிக்கும் கர்ஃப்யூ என்றே பெயர். கைப்பிடி வைத்த பெரிய மண்சட்டி போன்ற அம்மூடிகள் இங்கிலாந்தின் அகழாய்வுகளில், உட்புறம் கரி படிந்தபடியே கிடைத்திருக்கின்றன.

1066இல் நாட்டைப் பிடித்த முதலாம் வில்லியம், மக்கள் இரவில் கூடிச் சதி செய்யாதிருக்க இவ்வழக்கத்தைப் புகுத்தினார் என்ற கதையும் உண்டு. ஐரோப்பாவில் முன்பே இருந்த தீத்தடுப்பு வழக்கத்தின்மேல் பின்னால் பூசப்பட்ட அரசியலாகவே அதை நான் கருதுகிறேன்.

நாளடைவில் அடுப்பு மறந்துபோய் மணி மட்டும் எஞ்சியது. ஆக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் இன்றும் இரவு 9.05க்குப் பெரிய மணி 101 முறை ஒலிக்கிறது. ஒரு காலத்தில் கல்லூரிக் கதவு அடைப்பதற்கான அறிவிப்பு அது. அடுப்பை மூடு என்றது கதவை மூடு என்றாகி, வெளியே வராதே என்பதில் வந்து நின்ற வழி இதிலேயே தெரிகிறது. 2020 அக்டோபரில் பெருந்தொற்றுக்காகப் பாரிஸில் இரவு 9 மணிக்கு மேல் நடமாட்டத்தைத் தடுத்தபோதும், பிரெஞ்சு அரசு 'நெருப்பை மூடு' என்ற அதே சொல்லைத்தான் பயன்படுத்தியது.

கூட்டம் கூடத் தடை என்பது நாம் '144' என்று சொல்லிப் பழகிய உத்தரவு; 2024 ஜூலை முதல் அது புதிய சட்டத்தின் 163ஆவது பிரிவு. ஊரடங்கு வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணியதால் நேர்ந்த பிழையாகவே தோன்றுகிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் பேத்தி அப்பகுதியை வெட்டிக் குறிப்பேட்டில் ஒட்டியும் விட்டாள். அடுத்த ஞாயிறு இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
திருநெல்வேலி