ஒரு பிள்ளையின் தோளில் ஓர் அணியை ஏற்றாதீர்கள்

மட்டக்களப்பு மாவட்டப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும், உடற்கல்வி ஆசிரியர்களுக்கும், வலயக் கல்விப் பணிமனைகளில் விளையாட்டுக்குப் பொறுப்பாக இருப்போருக்கும்,

வணக்கம்.

நாங்கள் கல்லடியில் வசிக்கும் பெற்றோர். எங்கள் மூத்த மகளுக்கு வயது 12. அவள் தனது பாடசாலையின் சொப்ட்போல் அணியில் பந்து எறிபவள். சொப்ட்போல் என்றதும் எங்கள் பக்கத்தில் பலருக்கு டென்னிஸ் பந்தில் ஆடும் மென்பந்துக் கிரிக்கெட்டே நினைவுக்கு வருகிறது. ஆகவே ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இது பேஸ்போலுக்குத் தங்கை முறையான ஆட்டம். பந்தின் சுற்றளவு 12 அங்குலம். பெயரில் மென்மை இருந்தாலும் பந்தில் அது இல்லை. எறிபவர் 24 அங்குல நீளமும் 6 அங்குல அகலமும் கொண்ட ஒரு தட்டில் காலை வைத்து, கையை முன்னால் உயர்த்தித் தலைக்கு மேலாகப் பின்னே சுழற்றி, ஒரு முழு வட்டம் முடிகின்ற இடத்தில், இடுப்பருகே பந்தைக் கீழிருந்து விடுகிறார். வளர்ந்த பெண்கள் 43 அடி தூரத்திலிருந்து எறிவார்கள். என் மகளின் வயதினருக்கு 40 அடி.

இந்த 40 அடியை என் கணவர் எங்கள் வளவில் அளந்து வைத்திருக்கிறார். அவர் தச்சுத் தொழில் செய்பவர். பலாப் பலகையில் எறிதட்டு ஒன்றைச் செய்து மண்ணோடு மட்டமாகப் பதித்தார். வேலை முடிந்து வந்து, வெறும் பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் அமர்ந்து பந்தைப் பிடிப்பார். முதல் மாதம் பந்துக்குப் பதிலாகச் சுருட்டிக் கட்டிய காலுறைகளைத்தான் மகள் எறிந்தாள். மணிக்கட்டைச் சுண்டுவதற்குப் பழக அதுவே போதும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். பிறகு உண்மையான பந்து வந்தது. என் கணவரின் இடக்கால் முன்னெலும்பில் இரண்டு இடங்களில் நீலம் பாய்ந்ததும் அப்போதுதான். எனக்குப் பிடிக்க வராது. நான் கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்கெழுதுபவள். ஆகவே வேலியோரத்தில் இருந்து எண்ணத் தொடங்கினேன். ஒரு பழைய சீ.ஆர். கொப்பியில் திகதி, எறிந்த எண்ணிக்கை, குறிவைத்த மூலைக்குப் போனவை, தலைக்கு மேலே போனவை என்று நான்கு நிரல்கள். பொழுதுபோக்காக ஆரம்பித்த அந்தக் கொப்பிதான் இந்த மடலை எழுத வைத்தது.

கடந்த கச்சான் காற்றுக் காலத்தில், வெளியூரில், ஒரே நாளில் நடந்து முடிந்த ஒரு சுற்றுப்போட்டிக்கு எங்கள் பிள்ளைகள் போனார்கள். பாடசாலையின் பெயரையோ போட்டியை நடத்தியவர்களின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் பேச்சு விடயத்தை விட்டு ஆட்களின் மேல் போய்விடும். காலை எட்டரைக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடையில் எங்கள் அணி மூன்று போட்டிகள் ஆடியது. மூன்றிலும் முதற்பந்து முதல் கடைசிப் பந்து வரை என் மகள் ஒருத்தியே எறிந்தாள். போட்டிக்கு முன்னான பழக்க எறிகளை விட்டுவிட்டு நான் எண்ணியவை 268. அணி இரண்டாம் இடத்தைப் பெற்றது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றிரவு பஸ்ஸில் வரும்போது அவளால் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்க முடியவில்லை. மறுநாள் தலை சீவ வலக்கையை உயர்த்த முடியவில்லை. என் தாயார் நல்லெண்ணெயைச் சூடாக்கித் தடவியபடி, "பொம்புளைப் புள்ளைக்கு ஏன் மனே இந்த வேலை" என்று கேட்டார். எனக்கும் அந்த நேரத்தில் பதில் இருக்கவில்லை. தோளின் முன்பக்க வலி முழுதாக நீங்க ஆறு கிழமைகள் ஆயின. இயன்மருத்துவர் சொன்ன முதல் வார்த்தை, "எத்தனை எறிந்தாள்?" என்பதுதான். எண்ணிக்கையைச் சொன்னதும் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

நான் பேசிப் பார்த்த பெரியவர்கள் எல்லோரிடமும் ஒரே நம்பிக்கைதான் இருந்தது: கையைக் கீழாக வீசுவது இயல்பான அசைவு, அது தோளை வருத்தாது, ஆகையால் கணக்குத் தேவையில்லை. இந்த நம்பிக்கை தவறானது. சுழற்சி கீழே வரும் கணத்தில் கையும் பந்தும் சேர்ந்து தோள் மூட்டை வெளியே இழுக்கின்றன. தேர்ந்த எறிவாளர்களை வைத்து அளந்த ஆய்வுகளில் அந்த இழுவிசை உடல் எடையின் ஏறத்தாழ 80 வீதம் என்று கண்டிருக்கிறார்கள், இது கையைத் தோளுக்கு மேலாக வீசி, அதாவது மேற்கையாக, எறியும் பேஸ்போல் வீரர்களின் அளவுக்குக் கிட்ட வருவது. அதே வீதத்தில் பார்த்தால் 40 கிலோ எடையுள்ள பிள்ளையின் தோளை ஒவ்வொரு எறியிலும் 32 கிலோ பாரம் ஒரு கணம் பிடித்து இழுத்துவிட்டுப் போகிறது. அந்த இழுவைத் தடுத்து நிறுத்தும் வேலையில் பெரும் பங்கு புயத்தின் முன்தசைக்கு உண்டு. என் மகள் தோளின் முன்பக்கத்தைத் தொட்டுக் காட்டியதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இதில் வேதனை என்னவென்றால், களைப்பை முன்கூட்டியே பார்க்க முடியும். நன்றாக எறியும்போது இந்தப் பிள்ளைகள் கையால் எறிவதில்லை. தட்டைப் பின்னுக்கு உதைத்துக் கொண்டு காலால்தான் எறிகிறார்கள், கை அந்த வேகத்தைப் பந்துக்குக் கடத்துகிறது, அவ்வளவுதான். கால் சோர்ந்தால் முன்னே எடுத்து வைக்கும் எட்டு குறுகும். எட்டு குறுகினால் குறைந்த வேகத்தைக் கை தன் பலத்தில் ஈடுசெய்யப் பார்க்கும். பந்து துடுப்பாளரின் தலைக்கு மேலே போகத் தொடங்கும். கொப்பியின் நான்காம் நிரலில் இது அப்படியே தெரிகிறது. முதற்போட்டியில் தலைக்கு மேலே போனவை 6. மூன்றாம் போட்டியில் 31. மைதான ஓரத்திலிருந்து பெரியவர்கள் "கவனமா எறி, கவனமா எறி" என்று கத்திக்கொண்டிருந்தோம். பிள்ளையிடம் கவனக்குறைவு இருக்கவில்லை. காலில் பலம்தான் இருக்கவில்லை.

கிரிக்கெட்டில் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு வயதுக்கேற்ற ஓவர் வரம்புகள் இருப்பதை நீங்கள் என்னை விட நன்கறிவீர்கள். அமெரிக்காவின் லிட்டில் லீக் சிறுவர் பேஸ்போலில் 2007ஆம் ஆண்டு முதல் எறிகளையே எண்ணுகிறார்கள்: 11, 12 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 85க்கு மேல் எறியக் கூடாது, 66 அல்லது அதற்கு மேல் எறிந்தால் அடுத்த நான்கு நாட்கள் எறிதட்டுக்கு வரக் கூடாது. அது மேற்கை எறிக்கான விதி என்று யாராவது சொல்லலாம். சரி. ஆனால் கீழ்க்கை எறிக்கு வரம்பே வேண்டாம் என்பதற்கு அது சான்றாகாது.

இந்த ஆட்டத்தை அறிந்தவர்கள் உடனே ஜப்பானின் உவெனோ யுகிகோவை எடுத்துக்காட்டுவார்கள், எங்களுக்கும் காட்டினார்கள். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அவர் ஒரே நாளில் இரண்டு நீண்ட போட்டிகளில் 318 எறிகளும், மறுநாள் இறுதிப்போட்டியில் 95 எறிகளுமாக, இரண்டு நாட்களில் 413 எறிகள் எறிந்து அமெரிக்காவை வென்று தங்கம் பெற்றுக் கொடுத்தார். பெருமைக்குரிய செயல்தான். அப்போது அவருக்கு வயது 26. நாடே பின்னால் நின்று வளர்த்தெடுத்த வளர்ந்த உடல். அந்தக் கதையைச் சொல்பவர்கள் அதன் இரண்டாம் பாகத்தைச் சொல்வதில்லை. சொப்ட்போல் மீண்டும் ஒலிம்பிக்குக்கு வந்தபோது, 2021இல் தோக்கியோவில் நடந்த இறுதிப்போட்டியில், 39 வயதான அதே உவெனோ தொடக்கத்தில் எறிந்தார். ஆறாவது இன்னிங்ஸில் 20 வயதான கோத்தோ மியூ எறிதட்டுக்கு வந்தார். ஏழாவதில் உவெனோ திரும்பவும் வந்து ஆட்டத்தை முடித்தார். தொடக்கத்தில் ஆடியவர் ஒருமுறை வெளியேறித் திரும்பி வரலாம் என்ற விதி இந்த ஆட்டத்தில் உண்டு. உலகின் மிகச் சிறந்த எறிவாளரை வைத்திருக்கும் நாடே அவருக்கு ஓர் இளையவளைத் துணைக்கு வைத்தது. எங்கள் அணியில் 12 வயதுப் பிள்ளைக்குத் துணை இல்லை.

ஏன் இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும், பிழை முழுவதும் ஆசிரியரின் தலையில் இல்லாததால். எங்கள் அணியில் இரண்டாவதாக ஒரு பிள்ளை எறியப் பழகினாள். என் மகளை விட உயரம், நீண்ட கை. அவள் பெரிய பிள்ளையானதும் வீட்டார் மைதானத்துக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். வெயிலில் கறுத்துவிடுவாள், நீளக் காற்சட்டையோடு சந்தியில் நிற்கிறாள், பின்னேர ரியூசன் விடுபடுகிறது என்று மூன்று காரணங்கள் சொன்னார்கள். சொல்லாத காரணம் ஒன்றுதான். அந்தப் பிள்ளை வீட்டுக்குள் போன நாளிலிருந்து அவள் எறிந்திருக்க வேண்டிய பந்துகளையும் என் மகள் எறிந்தாள். ஒரு பிள்ளையை நிறுத்தும்போது அந்தப் பாரம் இன்னொரு பிள்ளையின் தோளுக்குப் போகிறது என்பதைப் பெற்றோராகிய நாங்கள் யோசிப்பதில்லை.

அமெரிக்காவில் பிறந்த இது எங்கள் ஊர் விளையாட்டா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க இயேசு சபைக் குருவானவர் ஒருவரின் பெயரைத் தாங்கிய, எங்கள் மட்டக்களப்பு நகரின் வெபர் மைதானத்தில் நின்றுகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்பது எனக்குச் சற்று வேடிக்கையாக இருக்கிறது. புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய, 1990இல் காணாமற் போன யூஜின் ஹேபர் அடிகளாரும் அதே தேசத்தவர்தான். எங்கள் ஊர் ஏற்றுக்கொண்ட எந்தப் பந்தும் வாவியில் மிதந்து வந்ததல்ல.

இனி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். பாடசாலைகளுக்கிடையே எங்கு போட்டி நடந்தாலும், யார் எத்தனை பந்து எறிந்தார் என்பதைப் புள்ளிக் குறிப்பாளர் எழுதி வைக்க வேண்டும். இதற்குப் பணமோ கருவியோ தேவையில்லை, ஒரு பென்சில் போதும். பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை ஒரே நாளில் இரண்டு முழுப் போட்டிகளில் எறிய அனுமதிக்கக் கூடாது. அணியின் பெயர்ப் பட்டியலை ஏற்கும்போதே எறியத் தெரிந்த இருவரின் பெயர்களாவது அதில் இருக்கின்றனவா என்று பணிமனை பார்க்க வேண்டும். மூவர் என்றால் இன்னும் நல்லது. இரண்டாவது எறிவாளர் எறிந்தால் தோற்றுவிடுவோம் என்று ஆசிரியர்கள் அஞ்சுவது எனக்குத் தெரியும். வலயத்தில் வென்றால்தான் மாகாணத்துக்குப் போகலாம், மாகாணத்துக்குப் போனால்தான் அடுத்த வருடம் உபகரணம் கேட்கலாம் என்ற நெருக்கடியில் நிற்பவர்கள் அவர்கள். அதனால்தான் இதை ஓர் ஆசிரியரிடம் தனியே கேட்காமல் உங்கள் எல்லோரிடமும் கேட்கிறேன். விதி எல்லா அணிக்கும் பொதுவாக இருந்தால் இரண்டாவது பிள்ளையை எறியவிடுவதால் எவருக்கும் தனிநட்டம் வராது.

இன்னொன்றும் உண்டு. எறிபவர்கள் உருவாகாமைக்கு முக்கிய காரணம் பிடிப்பவர்கள் இல்லாமை என்பதை எங்கள் வளவில்தான் கற்றோம். எறியப் பழகும் பிள்ளைக்கு வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் எதிரில் யாராவது அமர்ந்திருக்க வேண்டும். முப்பது பிள்ளைகளைப் பார்க்கும் ஆசிரியரால் அது முடியாது. தகப்பனோ தாயோ மாமனோ அண்ணனோ செய்யலாம். ஆனால் முகக்கவசம் இல்லாமல் பிடிக்க உட்காரக் கூடாது, கையுறையை எப்படித் திறந்து வைப்பது, தரையில் குத்தி வரும் பந்தை எப்படி உடலால் மறிப்பது என்பதெல்லாம் யாராவது சொல்லித் தர வேண்டும். என் கணவர் இவற்றைத் தன் முழங்காலுக்குக் கீழே எழுதிக் கற்றார். மாரி மழை தொடங்கி மைதானங்களில் தண்ணீர் நிற்பதற்கு முன் நான்கு சனிக்கிழமைகள், காலை ஆறரை முதல் எட்டு மணி வரை, வெயில் ஏறுமுன், ஒரு பாடசாலை மைதானத்தைப் பெற்றோருக்காகத் திறந்து விடுங்கள். பயிற்றுவிக்கும் ஆசிரியைகளில் ஒருவர் வந்தால், பிள்ளையை வீட்டுக்குள் வைத்திருக்கும் தாய்மாரும் வருவார்கள் என்பது என் எண்ணம். ஆண்களிடம் கேட்க முடியாதவற்றை அவர்கள் ஓர் ஆசிரியையிடம் கேட்பார்கள்.

என் மகள் திரும்பவும் எறிகிறாள். கிழமைக்கு மூன்று நாட்கள், நாளொன்றுக்கு 50. ஐம்பதாவது பந்து மோசமாகப் போனாலும் ஐம்பத்தோராவது கிடையாது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை, வாளியில் இருப்பவருக்கும் பிடிக்கவில்லை. உயரமான அந்தப் பிள்ளையின் தாயார் சென்ற ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்து, எறிதட்டைப் பார்த்துவிட்டு, காலையில் என்றால் அனுப்பலாம் என்று சொல்லிப் போயிருக்கிறார். கொப்பியில் அவளுக்கென்று ஒரு பக்கம் விட்டிருக்கிறேன். முகக்கவசம் எங்களிடம் ஒன்றுதான் உண்டு; இன்னொன்று பாடசாலையின் களஞ்சிய அறையில் பூட்டிக் கிடக்கிறது. அதைச் சனிக்கிழமைகளில் தந்து உதவும்படி அதிபருக்குத் தனியே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
எறியும் பிள்ளை ஒருத்தியின் தாய்,
கல்லடி, மட்டக்களப்பு.