இறவாரத்தையும் (சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரை விளிம்பு) வீடாக அளந்த சொத்துவரியைத் திருத்தக் கோரி நான்காவது மனு

பெறுநர்: மாநகராட்சி ஆணையாளர் அவர்கள்
அனுப்புநர்: வாய்க்கால் பாலத்துக்கு மேற்கே உள்ள மூன்று வீதிகளின் வீட்டு உரிமையாளர்கள்
பார்வை: எங்கள் முந்தைய மூன்று மனுக்கள் (ஒப்புகைச் சீட்டு நகல்கள் இணைப்பு)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் வீதிகளைத் தாங்கள் அறிவீர்கள். முக்கால்வாசி ஓட்டு வீடுகள், மீதி அட்டை போட்ட தறிக்குடோன்கள்.

1. ட்ரோன் அளவீட்டில் கூரை விளிம்பையே கட்டடப் பரப்பாகப் பதிந்துள்ளார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு வரும் ஆடிச் சாரல் சுவரில் அடிக்காமலிருக்க இங்கே நாலு பக்கமும் இரண்டடி இறவாரம் விடுவது வழக்கம். சுவரளவு 20க்கு 30, அதாவது 600 சதுர அடி உள்ள வீடு, மேலிருந்து பார்த்தால் 24க்கு 34. ஆக 816. கட்டாத 216 சதுர அடிக்கு வரி! பரப்பு மட்டுமே 36 சதவீதம் ஏறிவிட்டது. 2022 சீராய்வில் 600 வரை 25 சதவீதம், 601 முதல் 1200 வரை 50 சதவீதம் உயர்த்தினார்கள். முதல் படியில் இருந்த வீட்டை இப்போது இரண்டாம் படியில் வைத்துவிட்டார்கள். ஓட்டுத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் யாருங்க குடியிருக்கிறார்கள்?

2. தறிக்குடோனை வணிகக் கட்டடமாக எழுதியுள்ளார்கள். அது தொழிற்கூடம்.

3. இந்தக் கூடுதல் வரியைக் கட்டாவிட்டால் அபராதம். அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் வரும் 5 சதவீத ஊக்கத்தொகையும் போச்சு. பழைய வரியையாவது வாங்குங்கள் என்றால் கணினி ஏற்காது என்கிறார்கள்.

4. மறுஅளவீட்டுக்கு ஆளில்லையாம். ஒரு டேப், இரண்டு பேர், வீட்டுக்குப் பத்து நிமிடம். சுவர் மூலையில் பிடித்து நீளம், அகலம். மாடி இருந்தால் தனியாக. ஓடா, அட்டையா, காங்கிரீட்டா என்று குறித்து உரிமையாளரிடம் கையெழுத்து. அவ்வளவுதாங்க வேலை.

5. வாங்கும் வரி போகும் வழியையும் சொல்லிவிடுகிறோம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டதில் வாசற்படி ஒன்று ரோட்டுக்குள் போய், மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. பிறகு அதே ரோட்டைக் குடிநீர்க் குழாய்க்கு வெட்டினார்கள். வெட்டிய பள்ளத்தில் மண்ணைத் தள்ளினார்களே தவிர, அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு இடித்து இறுக்கவில்லை. லாரி ஏறியதும் அமுங்கிவிட்டது. குழாய் முதலில், தார் பிறகு என்பதற்குமா ட்ரோன் வேண்டும்? இரு வேலைகளின் மதிப்பீட்டையும் எம்-புக் (செய்த வேலையை அளந்து எழுதும் புத்தகம்) நகலையும் வார்டு அலுவலகத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

திரும்பவும் அதையேதான் கேட்கிறோம் ஐயா. டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். அளந்து முடியும்வரை பழைய வரியை அபராதமின்றி வாங்க உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
மூன்று வீதி வீட்டு உரிமையாளர்கள்
(கையொப்பங்கள் பின்பக்கம்)