உடைந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு உத்தரவாதம் மறுக்கப்பட்டது குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
செம்பூர், மும்பை.
(முகவரியும் ஆர்டர் எண்ணும் இணைத்துள்ள ரசீது நகலில் உள்ளன)

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
இணையவழி வாகன உதிரிபாக விற்பனை நிறுவனம்.

பொருள்: உத்தரவாதக் காலத்துக்குள் உடைந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

காரின் புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைப்பதற்காக உங்களிடம் 14,800 ரூபாய் கொடுத்து வாங்கிய கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சில வாரங்களிலேயே உள்ளே உடைந்துவிட்டது. ஓராண்டு உத்தரவாதம் உண்டென்று ரசீதிலேயே அச்சிட்டிருக்கிறீர்கள். அதைச் சுட்டிக்காட்டிப் புகார் செய்ததற்கு, "அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் பொருத்தப்படாததால் உத்தரவாதம் செல்லாது" என்று ஒரே வரியில் கைகழுவிவிட்டீர்கள். அந்த வரியை என்னால் ஏற்க முடியாது.

உங்கள் விற்பனைப் பக்கத்தில் இந்தப் பாகத்தின் படத்துக்குக் கீழே, "வீட்டிலேயே நீங்களே பொருத்தலாம், வெல்டிங் தேவையில்லை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். பெட்டிக்குள்ளும் பொருத்தும் முறையைப் படங்களோடு விளக்கும் தாளை வைத்திருந்தீர்கள். பணிமனை நிபந்தனை அந்தப் பக்கத்திலும் இல்லை, தாளிலும் இல்லை, ரசீதிலும் இல்லை. பணம் கைக்கு வரும்வரை நானே பொருத்தலாம். பாகம் உடைந்த பிறகு நான் பொருத்தியதே குற்றம் என்றால் இது என்ன நியாயம்?

நான் மாட்டுங்கா ரயில் பெட்டிப் பணிமனையில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் கார் 2011-ல் வாங்கிய, பி.எஸ்.-4 (பாரத் ஸ்டேஜ்-4) புகை வரம்புக்கு உட்பட்ட பெட்ரோல் வண்டி. செம்பூரில் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் துருவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. கழிமுகத்து உப்புக்காற்று ஒரு பக்கம், ஜூன் முதல் செப்டம்பர் வரை விடாத மழை இன்னொரு பக்கம். கம்பெனியிலிருந்து வந்த பழைய கன்வெர்ட்டர் அத்தனை ஆண்டுகளும் தாக்குப்பிடித்து, கடைசியில் குழாயோடு இணைக்கும் பிளாஞ்ச் தட்டின் ஓரம் அரித்துப் புகை கசியத் தொடங்கியது. அதன் பிறகுதான் உங்களிடம் வாங்கினேன்.

அதற்கு முன் எனக்கு வேறொரு யோசனையும் சொல்லப்பட்டது. கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை வைத்து வெல்டிங் செய்துகொண்டால் செலவு ஆயிரத்துச் சொச்சத்தோடு முடிந்துவிடும் என்றார்கள். பழைய கன்வெர்ட்டரைக் குர்லா சி.எஸ்.டி. சாலைப் பக்கம் கொண்டுபோனால் உள்ளிருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியத்துக்காக நல்ல விலை கிடைக்கும் என்றும் ஆசை காட்டினார்கள். நான் மறுத்துவிட்டேன். மாகுல் சுத்திகரிப்பு ஆலைகளின் காற்றைச் சுவாசித்து வாழும் பகுதி இது. என் பேரனுக்கு மூச்சிளைப்பு உண்டு. மும்பை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995 ஏப்ரலிலேயே இந்தக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் இதைப் பாழாக்கிவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலையும் அதோடு கொண்டுவந்தார்கள். ஊர்க்காற்றுக்காகச் செய்த அத்தனை ஏற்பாட்டையும் ஒரு குழாயை வைத்து ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் பென்ஷன் பணத்தில் இவ்வளவு கொடுத்து வாங்கினேன்.

பொருத்தியதில் குறை காண்பவர்கள் அதை எப்படிப் பொருத்தினேன் என்று தெரிந்துகொள்ளட்டும். கட்டடத்து நிறுத்துமிடத்தில் சமதளமான தரை. முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெயை எல்லா நட்டுகளிலும் ஊற வைத்தேன். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றினேன். ஜாக்கியை மட்டும் நம்பாமல் இருபுறமும் ஸ்டாண்டு கொடுத்தேன். புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாரைப் பிளவுள்ள சாக்கெட் கொண்டு, குழாயில் இளஞ்சூடு இருக்கும்போதே இளக்கினேன். முற்றிலும் ஆறவிட்டால் மரை பிடித்துக்கொண்டு சென்சாரோடு பெயர்ந்து வரும். பின்பக்க போல்டுகள் துரு தின்று பாதிக் கனமாகியிருந்தன. அவற்றை முறுக்கி உடைக்காமல் ரம்பத்தால் அறுத்து எடுத்தேன். இணைப்பில் புகை கசியாமல் அடைக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி, பிளாஞ்ச் முகத்தைத் துடைத்து, புதிய கேஸ்கெட், புதிய போல்ட், நட்டு போட்டேன். உங்கள் தாளில் கண்ட அளவுக்கே, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். தாராவியில் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் வந்து இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

பிறகு நடந்தது இதுதான். முதலில் வண்டிக்கு அடியில் கூழாங்கல் உருள்வது போன்ற சத்தம் கேட்டது. அடுத்து இழுவை குறைந்தது. வாஷி கழிமுகப் பாலத்தில், பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்போது, ஆக்சிலரேட்டரை அழுத்தியும் வண்டி வேகம் எடுக்கவில்லை. பின் இருக்கையில் என் மகளும் பேரனும் இருந்தார்கள். மாசுக் கட்டுப்பாட்டுச் சோதனையில், எஞ்சினை நன்றாகச் சூடாக்கிய பிறகும், கார்பன் மோனாக்சைடு 0.8 சதவீதம் காட்டியது. பி.எஸ்.-4 பெட்ரோல் காருக்கு அனுமதி 0.3 சதவீதம்தான். சான்றிதழ் கிடைக்கவில்லை; 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டிய வண்டிக்கு இது சிறிய சிக்கல் அல்ல.

கழற்றி எடுத்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி இருந்த இடத்திலிருந்து திரும்பி, ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. ஓரம் நொறுங்கி, சில்லுகள் வெளிவாயில் அடைத்திருந்தன. இந்தக் கட்டிக்கும் எஃகு உறைக்கும் இடையே, சூடேறும்போது விரிந்து கட்டியைக் கவ்விப் பிடிக்கும் மெத்தை ஒன்று இருக்கும். உங்கள் பாகத்தில் அது பாதிச் சுற்றளவுக்கு மட்டுமே இருக்கிறது. மீதி இடைவெளியில் என் விரல் நகம் நுழைகிறது. போல்டை யார் இறுக்கினாலும் அந்த மெத்தை முளைத்துவிடாது. அது உங்கள் தொழிற்சாலையில் வைத்திருக்க வேண்டியது.

உறையும் அப்படித்தான். துருப்பிடிக்காத எஃகு என்று விற்றீர்கள். சைலன்சருக்குப் பயன்படும் 409 ரக எஃகிலும் மேலே பழுப்பு படரும். அது எனக்குத் தெரியும், அதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் உங்கள் பிளாஞ்சிலும் வெல்டிங் ஓரத்திலும் துரு செதில் செதிலாக உதிர்கிறது. ஒரு மழைக்காலத்தைக்கூட அது பார்க்கவில்லை.

எஞ்சின் ஆயில் எரிந்தோ, எஞ்சினில் பெட்ரோல் சரியாக எரியாமல் மிஸ்ஃபயர் ஆகியோ கன்வெர்ட்டர் கெட்டிருக்கலாம் என்று உங்கள் தொலைபேசி ஊழியர் ஒருவர் சொன்னார். ஆயில் எரிந்தால் தேன்கூட்டின் முகத்தில் சாம்பல் படியும். எரியாத பெட்ரோல் உள்ளே போய் எரிந்தால் பீங்கான் உருகிக் கண்ணாடிபோல் பளபளக்கும். இதில் இரண்டும் இல்லை. துளைகள் சுத்தமாக இருக்கின்றன, உடைந்த ஓரங்கள் கூர்மையாக இருக்கின்றன. ஆடி ஆடி மோதி உடைந்த கட்டி இது. அந்த ஊழியர்மீது எனக்குக் கோபமில்லை. பாகத்தைப் பார்க்காமலே முடிவு சொல்லச் சொன்னவர்கள்மீதுதான் கோபம். நான் அனுப்பிய புகைப்படங்களைப் பற்றி உங்கள் பதிலில் ஒரு சொல்கூட இல்லை.

குறையுள்ள பொருளை, ரசீதில் குறித்த காலத்துக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47)-இன்படி முறையற்ற வணிக நடைமுறை. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நீங்கள் உறுதிசெய்ய வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும்.

நான் கேட்பது 14,800 ரூபாயும், அதோடு வாங்கிய கேஸ்கெட்டின் விலையும், மாசுச் சோதனைக் கட்டணமும். மாற்றுப் பாகம் வேண்டாம். இதே தயாரிப்பை இன்னொரு முறை என் குடும்பம் ஏறும் வண்டியில் மாட்ட மாட்டேன். இதே தொகுதி எண்ணில் விற்ற மற்ற பாகங்களையும் நீங்கள் சோதித்துப் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலையில் இழுவை இழந்து நிற்கப்போகும் அடுத்த வண்டி யாருடையது என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பணிமனை நிபந்தனை உண்மையிலேயே உங்களுக்கு உண்டென்றால், "நீங்களே பொருத்தலாம்" என்ற வரியை நீக்கிவிட்டு, வாங்குவதற்கு முன்பே கண்ணில் படும்படி அதைப் போடுங்கள்.

விதித்த காலத்துக்குள் தீர்வு வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவுசெய்துவிட்டு, நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுப்பேன். வாடிக்கையாளர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது.

உடைந்த பாகம், உதிர்ந்த சில்லுகள், உங்கள் அச்சிட்ட தாள், விற்பனைப் பக்கத்தின் நகல், சோதனை மையத்தின் அறிக்கை எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. பரிசோதிக்க விரும்பினால் ஆள் அனுப்புங்கள். பாகத்தை என் முன்னிலையில் படமெடுத்து, முத்திரையிட்டு, தொகுதி எண் குறித்த ஒப்புகைச் சீட்டில் கையெழுத்திட்ட பிறகே எடுத்துச் செல்லலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
செம்பூர், மும்பை.

இணைப்பு: ரசீது நகல், புகைப்படங்கள், மாசுச் சோதனை அறிக்கை, உங்கள் மறுப்புக் கடிதத்தின் நகல்.